வளர்ப்புப் பிரிவில் மிச்சமிருந்த ஒருவர்

ஜூன் இருபத்தாறாம் தேதி காலையில் புல்லுக்காரரை நிதி இயக்குநர் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். அந்தக் கால்பந்துக் கிளப்பின் மைதானத்தில் முப்பது வருஷத்துக்கு நாலு நாள் குறைவாகப் புல் வளர்த்திருந்தவர் அவர். அத்தனை காலத்தில் ஒரு தடவைகூட அலுவலகத்தின் மூன்றாம் மாடியைப் பார்த்ததில்லை. வேலை போய்விட்டது என்று முடிவுகட்டி, சேறு அப்பிய பூட்ஸை வாசலில் கழற்றிப் போட்டு, கட்டைவிரல் எட்டிப் பார்க்கும் காலுறையோடு உள்ளே போனார்.

"வாங்கண்ணே, உக்காருங்க" என்றார் நிதி இயக்குநர்.

புல்லுக்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். போன வாரம்வரை அவரை 'யோவ்' என்று கூப்பிட்ட வாய் அது.

"காப்பி சாப்பிடறீங்களாண்ணே?"

இரண்டாவது 'அண்ணே' வந்ததும் வேலை மட்டுமல்ல, வேறு ஏதோவும் சேர்ந்து போகப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். கிளப்புகள் கண்மண் தெரியாமல் செலவு செய்து திவாலாகக் கூடாது என்பதற்காகச் செலவு நெறி ஆணையம் என்று ஒன்று இருந்தது. ஒரு கிளப் வருஷத்துக்கு இவ்வளவு நஷ்டம்தான் காட்டலாம், அதைத் தாண்டினால் புள்ளிகளைப் பிடுங்கிக் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள் என்பது விதி. வருஷக் கணக்கு ஜூன் முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்கு மூடப்படும். இந்தக் கிளப்போ அறுநூறு கோடிக்கு ஒரு முன்கள வீரரை வாங்கி வைத்திருந்தது.

"அறுநூறு கோடிக்கு வாங்கினோம். ஆனா செலவு அறுநூறு இல்ல. நூத்தி இருபதுதான்" என்று நிதி இயக்குநர் விளக்கினார். "அஞ்சு வருஷ ஒப்பந்தம் போட்டிருக்கோமில்ல? அஞ்சாப் பிரிச்சுக்கலாம்."

"மீதி நானூத்தி எண்பது சார்?"

"அது எதிர்காலத்துல இருக்கு."

"அங்க யார் குடுப்பாங்க?"

"எதிர்காலத்துல யார் இந்த நாற்காலியில இருக்காங்களோ அவங்க."

அப்படிப் பிரித்தும் வரம்புக்கு மேல் முப்பத்தாறு கோடி இடித்தது. கிளப்பின் ஹோட்டலைச் சேர்மனுடைய சொந்தக் கம்பெனிக்கு ஏற்கனவே விற்றாகிவிட்டது. கார் நிறுத்தும் இடத்தைச் சேர்மன் மனைவியின் கம்பெனி வாங்கிக்கொண்டது. சேர்மனின் மச்சினர் கோல் வலைகளை வாங்கி, அவற்றைக் கிளப்புக்கே ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்டிருந்தார். இனி விற்பதற்கு ஆட்கள்தான் பாக்கி.

"ஆளை வாங்கினா செலவு அஞ்சு வருஷத்துக்குப் பரவும். வித்தா மொத்தமும் அன்னைக்கே வரவு. அதுலயும் நம்ம வளர்ப்புப் பிரிவுல சின்ன வயசுலேர்ந்து வளர்ந்தவன்னா வாங்கின விலைன்னு ஒண்ணு கிடையாது. முழுசும் சுத்த லாபம்! ஆனா அண்ணே, நம்ம வளர்ப்புப் பிரிவுப் பசங்க பதினேழு பேரையும் மூணு வருஷத்துல வித்துத் தின்னாச்சு. பழைய பதிவேட்டைப் பொரட்டினேன். ஒரே ஒருத்தர் மட்டும் விக்காம மிச்சம் இருந்தார்."

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். முப்பது வருஷத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்த அன்று, 'என்ன வேலை' என்று கேட்ட குமாஸ்தாவிடம் 'புல் வளர்ப்பு' என்று சொன்னது புல்லுக்காரருக்கு நன்றாக நினைவிருந்தது. பிரிவு என்ற கட்டம் குறுகலாக இருந்ததோ, குமாஸ்தாவுக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதோ, அவர் எழுதியிருந்தது ஒரே சொல்: வளர்ப்பு.

"நாப்பத்தஞ்சு கோடிக்கு ஆள் ரெடி. ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் கிளப்" என்றார் நிதி இயக்குநர். "பதிலுக்கு அவங்க ஆள் ஒருத்தரை நாம நாப்பத்தஞ்சு கோடிக்கு வாங்கறோம். அவங்க பஸ் டிரைவர். 'பயிற்சி ஓட்டுநர்'னு சேர்த்தாங்களாம். பதிவேட்டுல பயிற்சி வீரர்கள் பக்கத்துல கெடந்தாராம்."

"ரெண்டு பேரும் ஒரே தொகையை மாத்திக் குடுத்துக்கிட்டா ரெண்டு பேருக்கும் எப்படி சார் லாபம்?"

"வித்த நாப்பத்தஞ்சும் இன்னைக்கே வரவு, வாங்கின நாப்பத்தஞ்சுல இந்த வருஷத்துக்கு ஒம்பதுதான் செலவு. அதுதாண்ணே விளையாட்டு."

"அங்க போய் நான் என்ன பண்ணணும்?"

"போகவே வேணாம். ஒப்பந்தம் முடிஞ்ச கையோட உங்களை இங்கயே இரவலுக்கு அனுப்பிடுவாங்க. அதே புல்லு, அதே சம்பளம். என்ன, இனிமே நீங்க இரவல் வீரர். முப்பதாம் தேதி சாயங்காலம் வந்து ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க. வீரர் சம்மதிக்காம விக்க முடியாதுன்னு ஒரு பாழாப்போன விதி இருக்கு."

அன்று மதியம் வீட்டில், பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்த மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெஷினை நிறுத்தினாள்.

"நாப்பத்தஞ்சு கோடியா? உங்களுக்கா?"

"எனக்காம்."

"உங்களைக் கட்டிக்கிட்ட அன்னைக்கு ஒரு சைக்கிள்கூடப் பெறாதுன்னார் எங்கப்பா. சரி, அதுல நமக்கு எவ்வளவு?"

"ஒண்ணுமில்ல."

"அப்பா சரியாத்தான் சொல்லியிருக்கார்" என்றவள், ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "பென்ஷன் என்னாகும்? அதைக் கேட்டீங்களா?" என்றாள்.

அவர் கேட்கவில்லை. முழுசாக முப்பது வருஷம் முடித்தால் கிளப்பில் மாதாமாதம் ஓய்வூதியம் உண்டு. வீட்டு வாடகைக்குச் சரியாக இருக்கும். அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், காலையில் கட்டிலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்க முடிந்தது. முப்பது வருஷம் முடிந்த மறுநாளே ஓய்வு எடுத்துவிடுவது என்று இருவரும் பேசிவைத்து, விண்ணப்பத்தைக்கூடப் பூர்த்தி செய்து அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருந்தார்கள்.

உடனே ஓடிப்போய்ப் பணியாளர் பிரிவு அம்மாவைக் கேட்டார். அந்த அம்மா பேரேட்டை விரித்து, விரல்விட்டு எண்ணினாள்.

"உங்களுக்கு முப்பது வருஷம் ஜூன் முப்பது ராத்திரி பன்னெண்டு மணிக்கு முடியுது. உங்களை விக்கறது சாயங்காலம் அஞ்சு மணிக்கு. வித்துட்டா சர்வீஸ் கட். ஏழு மணி நேரம் குறையுதுங்களே."

"ஏழு மணி நேரந்தானேம்மா, பாத்துப் போட்டுக்கக் கூடாதா?"

"நான் போட்டா என்னைத் தூக்கிடுவாங்க. முப்பது வருஷம் முடிக்காதவங்களுக்குக் கிளப்புல ஒரு மெடல் தருவாங்க. பித்தளை."

இருபத்தொன்பதாம் தேதி ஆணையத்தின் விசாரணை. ஒரு வீரரை நியாயமான சந்தை விலைக்குத்தான் விற்கலாம் என்று விதி இருந்ததால், புல்லுக்காரரின் சந்தை விலை நாற்பத்தைந்து கோடிதானா என்று சோதிக்க ஆணையர் நேரில் வந்திருந்தார். நீள மேசை, பதினோரு தண்ணீர் பாட்டில், ஐந்து உறுப்பினர்கள்.

"இந்த ஆணையம் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவதாகச் சிலர் பேசுகிறார்கள்" என்று ஆணையர் தொடங்கினார். "அதை வன்மையாக மறுக்கிறேன். நாங்கள் கண்ணைத் திறந்துகொண்டுதான் கையெழுத்துப் போடுகிறோம். வீரரின் வயது?"

"ஐம்பத்து நாலு" என்றார் நிதி இயக்குநர்.

"அனுபவசாலி. ஆடும் இடம்?"

"மைதானம் முழுக்க."

"கோல்கள்?"

"இதுவரை இல்லை."

"மஞ்சள் அட்டை? சிவப்பு அட்டை?"

"முப்பது வருஷத்துல ஒண்ணுகூட இல்லை."

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் மெச்சிப் பார்த்துக்கொண்டார்கள். புல்லுக்காரருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றார்.

"ஐயா, நான் ஆட்டக்காரன் இல்லீங்க. புல்லு வெட்டறவன்."

"வீரரின் தன்னடக்கம் குறிப்பில் ஏறட்டும்" என்றார் ஆணையர். "சந்தை விலைக்கு வருவோம். இதே போன்ற வேறொரு வீரர் அண்மையில் என்ன விலைக்குப் போயிருக்கிறார்?"

"ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் கிளப்பின் பஸ் டிரைவர், நாற்பத்தைந்து கோடி."

"வாங்கியது யார்?"

"நாங்கள்தான்."

"அவருடைய விலை எதை வைத்து நிர்ணயிக்கப்பட்டது?"

"இவருடைய விலையை வைத்து."

ஆணையர் பேனாவைக் கீழே வைத்தார். "இரண்டு விலைகளும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன. இதைவிட வலுவான ஆதாரத்தை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை."

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். புல்லுக்காரர்தான் கடைசி முயற்சியாக வாயைத் திறந்தார். "ஐயா, நெசமாவே புல்லு வேலைங்க. போன மாசம் வடக்கு மூலையில புல்லு காஞ்சு போச்சு. விதை கேட்டதுக்கு, செலவு வரம்பு தாண்டிடும்னு சொல்லிட்டாங்க. நானே கைக்காசு போட்டு ரெண்டு மூட்டை வாங்கித் தூவினேன். போய்ப் பாருங்க, பச்சையா இருக்கும்."

ஐந்து உறுப்பினர்களும் முதல்முறையாகக் குனிந்து எழுதத் தொடங்கினார்கள்.

"கிளப்புக்குள் வெளியிலிருந்து பணம் வந்திருக்கிறது. அறிவிக்கப்படாத முதலீடு" என்றார் ஆணையர். பேனாவை மறுபடி கையில் எடுத்தார். "இந்த ஆணையத்துக்குப் பல் இல்லை என்று சொன்னவர்கள் இன்று கேட்டுக்கொள்ளட்டும்." புல்லுக்காரருக்கு எட்டாயிரம் அபராதம் விதித்தார். விற்பனைக்கு ஒப்புதல் வழங்கினார். பாட்டில்களை எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் ஜூன் முப்பது. விடிகாலை ஆறு மணிக்கு வழக்கம்போல மெஷினை எடுத்து மைதானம் முழுக்கப் புல்லை வெட்டி, தண்ணீர் பாய்ச்சிவிட்டு, மாலை நாலரைக்கு மூன்றாம் மாடிக்குப் போனார் புல்லுக்காரர். பஸ் டிரைவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, கழுத்தில் கிளப்பின் துண்டோடும் மடியில் துணிப்பையோடும் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மருத்துவப் பரிசோதனையில் அவரை ஓடவிட்டுப் பார்த்ததில் மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"நான் கையெழுத்துப் போடறேன் சார். ஆனா பென்ஷன் உண்டுன்னு முதல்ல எழுதிக் குடுங்க" என்றார் புல்லுக்காரர்.

நிதி இயக்குநர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அண்ணே, புரிஞ்சுக்கங்க. அறுநூறு கோடின்னா அஞ்சாப் பிரிக்கலாம். உங்க பென்ஷனைப் பிரிக்க விதியில எடமே இல்ல. மொத்தத்தையும் இந்த வருஷமே ஒதுக்கணும். பதினெட்டு லட்சம். அந்தப் பதினெட்டு லட்சத்துல நாம வரம்பைத் தாண்டிடுவோம்."

அதுவரை சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த சேர்மன் எழுந்து புல்லுக்காரரின் தோளில் கை போட்டார். "கிளப்புங்கறது ஒரு குடும்பம்யா. குடும்பத்துக்குள்ள கணக்குப் பாக்கலாமா? நான் பாத்தேனா? என் கிளப் ஹோட்டலை என் கம்பெனிக்கே வித்தேன். வெலை என்னன்னு நானும் கேக்கல, நானும் சொல்லல. அந்த மனசு உனக்கு ஏன் வரமாட்டேங்குது?"

"எனக்கு ஹோட்டல் இல்லீங்களே."

மணி ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது. புல்லுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நிதி இயக்குநர் ஆணையருக்கு ஃபோன் போட்டு அவகாசம் கேட்டார். ஃபோனில் ஆணையரின் குரல் எல்லாருக்கும் கேட்டது.

"அவகாசமா? ஜூன் முப்பதைத் தாண்டி ஒரு நிமிடம்கூடத் தர முடியாது. விதி விதிதான். வேண்டுமானால் ஜூன் முப்பதை நீட்டித்துத் தருகிறேன்."

ஐந்து மணிக்குச் சுற்றறிக்கை வந்துவிட்டது: உரிய ஆவணங்கள் கையெழுத்தாகும்வரை கிளப்பைப் பொறுத்தமட்டில் இன்று ஜூன் முப்பதாகவே நீடிக்கும்.

ஊரெல்லாம் ஜூலை ஒன்று விடிந்தபோது கிளப் வாசலில் இருந்த காவலாளி வருகைப் பதிவேட்டில் மறுபடியும் ஜூன் முப்பது என்று எழுதினார். புல்லுக்காரர் நேரே பணியாளர் பிரிவுக்குப் போனார்.

"அம்மா, ஏழு மணி நேரம் கழிஞ்சு ஒரு ராத்திரியே போயிடுச்சு. முப்பது வருஷம் முடிஞ்சுதில்ல?"

"இன்னும் முப்பதாம் தேதி முடியலைங்களே" என்றாள் அந்த அம்மா, பரிதாபமாக. "நாளைக்குச் செத்தாலும் நீங்க இன்னைக்குச் செத்த மாதிரிதான் எழுதுவோம்."

மனைவியிடம் வந்து சொன்னார். "அப்ப எனக்கும் வயசு ஏறாதில்ல?" என்றாள் அவள். "அப்படியே வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிடுங்க, இன்னும் ஜூன் முடியல, வாடகைக்கு அவசரமில்லைன்னு." சொல்லிவிட்டுச் சிரித்தவள் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். "என்னங்க, ஒண்ணு கேக்கறேன். ஜூன் முப்பதாம் தேதி வேலையை நீங்க பாத்துட்டீங்களா இல்லையா?"

"ஆறு மணிக்கே பாத்துட்டேனே. வெட்டி, தண்ணியும் பாய்ச்சிட்டேன்."

"அப்புறம் எதுக்கு ஒரே நாள் வேலையை ரெண்டு தடவ பாக்கறீங்க?"

மறுநாள் புல்லுக்காரர் சரியான நேரத்துக்கு வந்தார், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார், கருவி அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மெஷினைத் தொடவில்லை. கொடுக்கல் வாங்கல் முடியாததால் எந்தக் கிளப்புக்கும் போக முடியாத பஸ் டிரைவரும் பக்கத்தில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"என்னண்ணே, புல்லு வெட்டலையா?"

"இன்னைக்கு வெட்டியாச்சுப்பா. ரெண்டு நாளைக்கு முன்னாடியே."

டிரைவர் விரல்விட்டு எண்ணினார். "அப்படிப் பாத்தா நான் இன்னைக்குக் கையெழுத்துப் போட்டு ரெண்டு நாளாச்சு. இன்னும் மதியச் சாப்பாடு வரல."

மழை பிடித்துக்கொண்டது. ஜூன் முப்பதின் நாலாவது நாள் புல் கணுக்காலைத் தொட்டது. ஆறாவது நாள் பந்து ஒன்று உள்ளே போய்த் திரும்ப வரவில்லை. வடக்கு மூலையில், கைக்காசில் தூவிய விதை எல்லாவற்றையும்விடச் செழித்து வளர்ந்தது. எட்டாம் நாள் நிதி இயக்குநர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, புல்லுக்குள் தத்தித் தத்தி நடந்து வந்தார். அறுநூறு கோடி வீரரை மறுநாள் மதியம் மைதானத்தின் நடுவில் நிறுத்தி உலகத்துக்குக் காட்ட வேண்டும். முப்பது டிவிக்காரர்கள் வருகிறார்கள்.

"அண்ணே, வெட்டிடுங்கண்ணே."

"ஒரே நாள்ல ரெண்டு தடவ வெட்டினா ஓவர்டைம் சார்."

"ஓவர்டைம் போட்டுக்கலாம்ணே!"

"போடலாம். ஆனா இந்த வருஷக் கணக்குலதானே வரும்? வரம்பு தாண்டிடுமே சார்" என்றார் புல்லுக்காரர், உண்மையான கவலையோடு.

இத்தனை வருஷத்தில் தன்னுடைய பாஷையை ஒருத்தன் தனக்கே திருப்பிப் பேசி நிதி இயக்குநர் கேட்டதில்லை. வெளியாள் ஒருவனைக் கூப்பிட்டு வெட்டச் சொல்லலாமா என்று பார்த்தார். அதுவும் இந்த வருஷச் செலவு. சேர்மனே கைக்காசு போட்டால்? அறிவிக்கப்படாத முதலீடு, அபராதம் எட்டாயிரம், முன்னுதாரணம் இருக்கிறது.

ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணிக்கு அறுநூறு கோடி வீரர் காரிலிருந்து இறங்கி, புல்லைப் பார்த்து, "பாம்பு இருக்குமா?" என்று கேட்டுவிட்டு மறுபடி காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சேர்மன் ஆணையரிடம் ஃபோனில் கத்தினார். ஆணையர் கணக்கைக் கூட்டிப் பார்த்தார். ஒரு விஷயம் அப்போதுதான் எல்லார் கண்ணிலும் பட்டது: இந்த ஒன்பது நாளில் அடுத்த பருவத்துக்கான டிக்கெட்டுகள் அமோகமாக விற்றிருந்தன. அவ்வளவும் ஜூன் முப்பது வரவு. பஸ் டிரைவரை வாங்கிய செலவோடு சேர்த்து மொத்தப் பள்ளமும் நிரம்பி, பதினெட்டு லட்சத்துக்கும் இடம் இருந்தது. புல்லுக்காரரை விற்கவே வேண்டியதில்லை.

பகல் பன்னிரண்டு மணியோடு ஜூன் முப்பது நிறைவடைகிறது என்று சுற்றறிக்கை வந்தது. கூடவே, ஒரே நாளில் இவ்வளவு வருமானம் ஈட்டிய முதல் கிளப் என்பதால் அந்த ஆண்டின் செலவு ஒழுக்கத்துக்கான விருதும் அறிவிக்கப்பட்டது.

பன்னிரண்டு அடித்து ஒரு நிமிஷத்தில் ஜூலை பிறந்தது. பன்னிரண்டு அடித்து மூன்றாவது நிமிஷம் புல்லுக்காரர் பணியாளர் பிரிவில் நின்றார். அந்த அம்மா விண்ணப்பத்தை வாங்கி, விரல்விட்டு எண்ணக்கூட இல்லை. ஓங்கி ஒரு முத்திரை குத்தினாள்.

"முப்பது வருஷம் முடிஞ்சுது. பென்ஷன் உண்டு. போய் வாங்க."

படியிறங்கி வந்தவரை நிதி இயக்குநர் ஓடிவந்து மறித்தார். "ஜூலை பொறந்தாச்சு! புது வருஷம்! புதுக் கணக்கு! இப்ப வெட்டலாமில்லண்ணே? ஒரு மணிக்கு டிவிக்காரங்க வந்துடுவாங்க!"

"நான் ரிட்டயர்டு ஆளு சார்" என்றார் புல்லுக்காரர். மெஷின் சாவியை அவர் கையில் வைத்தார். "நீங்கதான் ஆள் வாங்கி வச்சிருக்கீங்களே. நாப்பத்தஞ்சு கோடிக்கு."

புல்லுக்காரரும் மனைவியும் பார்வையாளர் வரிசையில் முதல்முறையாக உட்கார்ந்து பார்த்தார்கள். கீழே, கழுத்தில் துண்டோடு பஸ் டிரைவர் புல் வெட்டும் மெஷினின் மேல் ஏறினார். இல்லாத கண்ணாடியைக் கைநீட்டிச் சரிசெய்தார். பின்னால் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். முப்பது கேமராக்களும் சேர்மனும், விருது கொடுக்க வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆணையரும் காத்திருக்க, அவர் இருபதடி போய் ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார். ஒரு நிமிஷம் பொறுத்தார். யாரும் ஏறவில்லை என்று உறுதியானதும் அடுத்த இருபதடிக்குக் கிளம்பினார்.